போர் என்று தேடினால்

1

விருத்தாசலத்திலிருந்து கிளம்பி வந்து இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்து வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. அங்கே ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்கிறார்கள். கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. கிடைத்திருந்தால் என்னை எடுத்திருக்க மாட்டார்கள்.

என் மனைவி நர்ஸ். விசா அவளுக்குத்தான் வந்தது. அவளுடைய பெட்டிகளோடு வந்த இன்னொரு பெட்டி நான். வந்து இறங்கிய இடம் ஸ்டோக். பழைய பீங்கான் ஊர். பீங்கான் ஊரில் பிறந்தவனைப் பீங்கான் ஊரிலேயே கொண்டுவந்து வைத்த ஆண்டவரின் நகைச்சுவை உணர்வை அன்று வியந்தேன். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் சூளை பார்த்தவர். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, இங்கேயும் ஃபியூஸ் கேரியர் செய்கிறார்களா என்பது. இல்லை, தட்டும் கோப்பையும்தான் என்றேன். அவருக்கு ஊரின்மேல் இருந்த மரியாதை அந்த நிமிடமே போய்விட்டது. கரண்டைத் தாங்காத பீங்கானை அவர் பீங்கான் என்று ஒப்புக்கொண்டதே இல்லை.

இந்த ஊர்க்காரர்கள் அன்பாகப் பேசும்போது எதிரே இருப்பவரை 'டக்', அதாவது 'வாத்து' என்று கூப்பிடுவார்கள். கடைக்காரம்மா, பஸ் டிரைவர், ஆஸ்பத்திரியில் ஊசி போடுபவர் எல்லாருக்கும் எல்லாரும் வாத்துதான். வந்த புதிதில் எனக்கு இது புரியவில்லை. வாத்தி வேலைக்கு வந்தவனை ஓர் எழுத்து மாற்றி அவமானப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யாராவது என்னை வாத்து என்று கூப்பிடாவிட்டால்தான் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இந்த வருடம் மார்ச் மாதம் நெருங்கியபோது எம்மா என் மேசைக்கு வந்தாள். எங்கள் வரலாற்றுத் துறையின் தலைவி. என்னைவிட மிகவும் இளையவள், அதனால் என்னைவிட மிகவும் தெளிவானவள். ஈராக் போர் தொடங்கிய மாதம் வருகிறது, ஒன்பதாம் வகுப்புக்கு அதை நடத்திவிடுங்கள், பாடப்புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம்தான் இருக்கிறது, மற்றதை இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். போகிற போக்கில், அந்த வகுப்பைத் தானே வந்து உட்கார்ந்து மதிப்பிடப்போவதாகவும் சொன்னாள். இந்த ஊரில் கெட்ட செய்தியை எப்போதும் கதவருகே போனபிறகுதான் சொல்வார்கள்.

2003இல் பிரிட்டன் அமெரிக்காவோடு சேர்ந்து ஈராக்குக்குப் படை அனுப்பியது. பேரழிவு ஆயுதம் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போனார்கள். ஆயுதம் கிடைக்கவில்லை. சரி என்று சொன்னவர்களும் தப்பு என்று சொன்னவர்களும் இன்றுவரை ஒரே மேசையில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் சாப்பாடு சாப்பிட முடியாத வீடுகள் இந்த நாட்டில் உண்டு. அந்தப் போரைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நான் நடத்த வேண்டும்.

பள்ளிக் கணினியில் ஒரு காவலாளி மென்பொருள் இருக்கிறது. பிள்ளைகள் கெட்டதைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. ஈராக் போர் என்று ஆங்கிலத்தில் தட்டினேன். சிவப்புத் திரையில் ஒரு கை 'நில்' என்றது. படையெடுப்பு என்றேன். நில். ஆயுதம், குண்டு. நில், நில். தடையை நீக்க ஒரு விண்ணப்பம் உண்டு. 'இந்தத் தளத்தில் வன்முறை உள்ளதா?' என்று கேட்டது. ஆம் என்று போட்டேன். நிராகரிக்கப்பட்டது. அடுத்த முறை இல்லை என்று போட்டேன். அப்படியானால் போர் பற்றிய பாடத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்று விளக்கம் கேட்டது.

காவலாளிக்குத் தமிழ் தெரியாது என்பது மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. 'போர் பற்றி மாணவர்களுக்கு' என்று தமிழில் தட்டினேன். கதவு திறந்துகொண்டது. உள்ளே போர்வெல் லாரிகள் நின்றன.

போர் போட அடிக்கு என்ன ரேட். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் என்ன செய்யலாம். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பது எப்படி. கொஞ்சம் கீழே போனால் வைக்கோல் போர் அடுக்கும் முறை. இன்னும் கீழே, 'படிப்பு போர் அடிக்கிறதா?' என்று ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்கறையோடு கேட்டார். மொத்தத் தேடலில் மாணவர்களைப் பற்றி யோசித்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அதன் பலன் அடுத்த நாள் தெரிந்தது. வகுப்பில் பெரிய திரையைப் போட்டதும் பாடத்துக்கு முன்னால் விளம்பரம் வந்தது. ஒரு பிரமாண்டமான லாரி, அதன் முதுகில் நிமிர்ந்து நிற்கும் இரும்புக் குழாய், புகை, சேறு, பீய்ச்சியடிக்கும் தண்ணீர். ஈராக் பாடம் வரப்போவது தெரிந்த ஒருவன் முன் வரிசையில் கை தூக்கினான்.

"சார், அவங்க தேடின ஆயுதம் இதுதானா?"

2

அந்த வகுப்பில் ஜன்னலோரம் இரண்டு பெண்கள் சேர்ந்து உட்காருவார்கள். சோஃபியும் ஸீனாவும். ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி வீட்டுக்குப் போக அனுமதி கேட்பாள். சோஃபியின் அப்பா ராணுவத்தில் இருந்தவர், ஈராக்கின் பாஸ்ரா நகரத்தில் பணியாற்றியவர். ஸீனாவின் அம்மா பாஸ்ராவில் பிறந்து வளர்ந்தவர். போர் முடிந்து சில வருடங்கள் கழித்து இங்கே வந்தார். ஸீனா பிறந்தது ஸ்டோக்கில்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது பெற்றோர் சந்திப்பு அன்றுதான். பள்ளி மண்டபத்தில் ஆளுக்கொரு மேசை போட்டு நாங்கள் உட்கார்ந்திருப்போம். பெற்றோர் எதிரே வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் காத்திருப்பார்கள். ஒரு பெரிய உருவமுள்ள மனிதரும், தலையில் சாம்பல் நிற முக்காடு போட்ட ஒரு பெண்மணியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அந்த அம்மா வந்தார். மகள் ஒழுங்காக வீட்டுப்பாடம் செய்கிறாளா என்று கேட்டார். செய்கிறாள் என்றேன். அடுத்து ஈராக் பாடம் வருகிறது என்று சொல்லி, வீட்டில் ஏதாவது பேசியதுண்டா என்று மெல்ல விசாரித்தேன். அவர் கைப்பையை மூடினார். "நாங்கள் இங்கே சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், படிக்கிறோம். அது போதும்" என்றார். நல்ல ஆங்கிலம். அதற்கு மேல் அதில் ஒரு கதவும் இல்லை.

பிறகு அவர் வந்தார். சோஃபியின் அப்பா, பெயர் டேரன். கிடங்கு ஒன்றில் வேலை. நாற்காலி அவருக்குப் போதவில்லை. மகளின் மதிப்பெண்களை நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். ஆனால் அவர் கேட்க வந்தது அது இல்லை என்று தெரிந்தது. போன வருடம் இதே பள்ளியில் படித்த அவருடைய அண்ணன் மகன் ஏதோ சொல்லியிருக்கிறான். இந்தப் பாடத்தில் பிள்ளைகளைச் சுவரோரம் நிற்க வைப்பார்களாம். போர் சரி என்பவர்கள் வலப்பக்கச் சுவர், தப்பு என்பவர்கள் இடப்பக்கச் சுவர்.

உண்மைதான் என்றேன். வழக்கமாக அப்படி ஒரு பயிற்சி உண்டு.

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். மகளின் சிநேகிதியான அந்த ஈராக் பெண் வீட்டுக்கு வந்தால் தான் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விடுவதாகச் சொன்னார். வெறுப்பெல்லாம் இல்லை. நல்ல பெண். ஆனால் அவள் ஏதாவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று தெரியாது. சொந்த மகளிடமே அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எந்தச் சுவரில் நின்றாலும் அவள் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்ப்பாள். வலப்பக்கம் நின்றால் சிநேகிதி போய்விடுவாள். இடப்பக்கம் நின்றால்…" அவர் எழுந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பார்த்துச் செய், வாத்து" என்றார்.

அந்த மனிதர் சொல்லி அந்த வார்த்தை முதல் முறையாக எனக்குக் கனத்தது.

3

பள்ளியில் தேட முடியாததால் வீட்டில் தேடினேன். என் மகள் கிளாரா உதவிக்கு வந்தாள். உதவி என்றால், நான் தட்டுவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது. அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். என் அக்காவை 'அத்தை' என்று கூப்பிடச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். 'ஆண்ட்டி' என்றுதான் வாயில் வருகிறது. அக்காவோ, இங்கே பக்கத்து வீட்டுக்காரியும் ஆண்ட்டி, பல் டாக்டரும் ஆண்ட்டி, நான் எப்படி அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன் என்று வருத்தப்படுகிறாள்.

கிளாரா நான் கேட்காமலே என் உச்சரிப்பையும் திருத்துவாள். போருக்கான ஆங்கிலச் சொல்லை நான் சொல்வது இடுப்பில் கட்டும் வாரைப் போல இருக்கிறதாம். பதினெட்டு வருடம் இந்த நாட்டில் வரலாறு நடத்தியவனிடம் சொல்கிறாள். எத்தனை வார்களைப் பற்றி நடத்தியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கையில் உடம்பு கூசியது.

தேடியதில் நிறையக் கிடைத்தது. அருங்காட்சியகம் ஒன்று சிப்பாய்களின் குரல்களைப் பதிவுசெய்து வைத்திருந்தது. வெயில், தூசி, நண்பனின் காலணி என்று தயங்கித் தயங்கிப் பேசினார்கள். போரை எதிர்த்தவர்கள் தனியாக ஒரு தளம் வைத்திருந்தார்கள். அதில் ஊர்வலப் படங்கள், முழக்கங்கள், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஓர் ஆதாரச் சுட்டி. ஈராக் மக்கள் பேசும் காணொளிகள் குறைவு. கிடைத்தவற்றிலும் ஒலி சரியில்லை. ஒரு பெண்மணி தன் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலே மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்து, அவருடைய குரல் அடியில் அமுங்கிப் போனது.

ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு தளத்துக்கு வருபவர் இன்னொன்றுக்குப் போகமாட்டார் என்பதும் தெரிந்தது. சிப்பாய் சொன்னதை அந்தப் பெண்மணி கேட்டதாகவோ, அந்தப் பெண்மணி சொன்னதைச் சிப்பாய் கேட்டதாகவோ எங்கேயும் இல்லை.

ஆசிரியர்களுக்கென்றே ஒரு தளம் இருந்தது. பாடத்திட்டம், அட்டைகள், வண்ணப் படங்கள், எல்லாம் தயார். சாப்பிடத் தட்டு எடுத்துவந்தால் போதும் என்பது போல. பச்சை அட்டையில் போருக்கு ஆதரவான காரணங்கள், ஆரஞ்சு அட்டையில் எதிரான காரணங்கள். வெட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும். கடைசியில், எதிர்பார்த்தது போலவே, சுவர்ப் பயிற்சி. எம்மாவுக்கு ரொம்பப் பிடித்த பகுதி அது. மதிப்பீட்டுத் தாளில் 'இரு தரப்பும் சமமாக' என்று ஒரு கட்டம் உண்டு. சுவரில் நிறுத்திவிட்டால் அந்தக் கட்டத்தில் டிக் விழுந்துவிடும்.

"அதையே பண்ணுங்கப்பா. ஈஸி" என்றாள் கிளாரா. அதிசயமாக முழுவதும் தமிழில், கடைசி வார்த்தையைத் தவிர.

நானும் அட்டைகளை வெட்ட ஆரம்பித்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அக்காவுக்குப் போன் செய்வது வழக்கம். அக்கா பெயர் ஆரோக்கியம். விருத்தாசலத்தில் நாங்கள் பிறந்த வீட்டிலேயே மாமாவோடு இருக்கிறாள். என்ன பண்ணிட்டிருக்கே என்று கேட்டாள். போர் விஷயமா ஒரு தலைவலி அக்கா, என்ன செய்யறதுன்னு தெரியல என்றேன்.

"அத பத்தி ஒனக்கு யாரு சொன்னா? மாமாவா?" என்றாள். "நீ அங்க ஒக்காந்துக்கிட்டு கவலப்படாத. மோட்டரு நல்லாத்தான் இருக்குது. உள்ள குழாதான் எங்கியோ வுட்டுப்போச்சாம்."

இல்லக்கா, நான் சொல்றது வேற போர் என்றேன். வேற போர் எதுக்கு, இருக்கிறதையே சரி பண்ணிக்கலாம், புதுசா போட்டா காசு யாரு தருவா என்றாள். நான் வாய் திறப்பதற்குள் போன் மாமாவிடம் போயிருந்தது.

"மாப்ள, காத்துதான் வருது, தண்ணி வரல" என்றார் மாமா.

சண்டை, ஈராக்கு சண்டை, ஸ்கூல்ல பாடம் நடத்தணும் என்று நான் விளக்கினேன். அத வுடு மாப்ள என்று சொல்லிவிட்டு மாமா போனை அக்காவிடமே கொடுத்துவிட்டார்.

மாமாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. கல்யாணமான கொஞ்ச நாளில் அவர் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குத் திரும்பிப் போனார். 1990இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. நான் நடத்த வேண்டிய போருக்கு முந்தைய போர் அது. அந்த ஆண்டு பல வாரங்கள் மாமாவிடமிருந்து தகவல் இல்லை. அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நான் எட்டாம் வகுப்பு.

விருத்தாசலத்தில் அப்போது ஈராக் அதிபர் பெரிய கதாநாயகன். அமெரிக்காவையே எதிர்த்து நிக்கிறான் பாரு என்று தொழிற்பேட்டை டீக்கடையில் தினமும் பேச்சு. பேப்பரை விரித்து உரக்கப் படித்து அந்தப் பேச்சைத் தொடங்கி வைப்பவர் எங்கள் அப்பாதான். குவைத் எங்கே இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. மருமகன் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் இரண்டும் ஒரே விஷயமாகத் தோன்றவில்லை. அப்பா பேப்பரில் வந்த அதிபர் படத்தைக் கத்தரித்துக் கூடத்தில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒட்டினார். அக்கா அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

மாமா பஸ்ஸிலும் லாரியிலுமாக ஈராக்கைக் கடந்து, ஜோர்டான் போய், அங்கிருந்து பம்பாய்க்கு விமானத்தில் வந்து, ரயிலில் எங்கள் ஜங்ஷனில் இறங்கினார். கையில் ஒன்றுமில்லை. அந்தப் பயணத்தைப் பற்றி இன்றுவரை அவர் யாரிடமும் பேசியதில்லை. கேட்டால் எழுந்துபோய் மோட்டாரைப் பார்ப்பார்.

இதெல்லாம் மனதில் ஓட, அக்காவிடம் சோஃபி, ஸீனா, டேரன் எல்லாரையும் பற்றிச் சொன்னேன். சுவர் விஷயத்தையும் சொன்னேன். சரின்னு சொல்றவங்க ஒரு சுவர், தப்புன்னு சொல்றவங்க ஒரு சுவர்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று வந்து அடங்கியது.

"நம்ம வூட்டு கூடத்துல ஒரே செவருதானே இருந்துச்சி" என்றாள். "அதுலதான் அப்பா அந்தாளு படத்த ஒட்டினாரு. அதுலயேதான் நான் சாஞ்சி குந்திக்கிட்டு இவருக்காக செபமாலை சொன்னேன். அப்பாவுக்கு அந்தாளு ஜெயிக்கணும். எனக்கு இந்தாளு வூடு வந்து சேரணும். நான் எந்தச் செவத்துல நிக்கிறதாம்?"

தெரியாதுக்கா என்றேன்.

"தெரியாதுன்னா புள்ளைங்கள நிக்க வெக்காத" என்றாள். பிறகு, குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். கிளாராவைக் கேட்டாள். கிளாரா மாடியிலிருந்து "ஹாய் ஆண்ட்டி" என்று கத்தினாள். அக்கா பெருமூச்சு விட்டது கடல் தாண்டிக் கேட்டது.

5

வியாழக்கிழமை எம்மா கடைசி பெஞ்சில் மதிப்பீட்டுத் தாளோடு உட்கார்ந்துவிட்டாள். பச்சை அட்டையும் ஆரஞ்சு அட்டையும் என் பைக்குள் இருந்தன. வெட்டினதற்கு மனைவியின் நல்ல கத்தரிக்கோலை மழுங்கடித்ததுதான் மிச்சம்.

போர் எப்படித் தொடங்கியது, யார் என்ன காரணம் சொன்னார்கள், ஆயுதம் கிடைக்காமல் போனது, ஊர்வலங்கள், செத்தவர்கள், அதில் பெரும்பாலோர் ஈராக் மக்கள் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. சிப்பாய் ஒருவரின் குரலையும் அந்தப் பெண்மணியின் காணொளியையும் அடுத்தடுத்துப் போட்டேன். பிறகு எழுந்து நிற்கச் சொல்வேன் என்று பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். அண்ணன் அக்காமார் சொல்லியிருக்கிறார்கள். சோஃபி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யாரும் எழ வேண்டாம் என்றேன். அந்தப் போரில் அங்கே இருந்த ஒருவரைச் சந்தித்தால் என்ன கேட்பீர்கள், ஒரே ஒரு கேள்வி. சரியா தப்பா என்று மட்டும் கேட்கக் கூடாது. உங்களுக்கு உண்மையிலேயே பதில் தெரியாத, அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றாக இருக்க வேண்டும்.

டாங்கிக்குள் கழிப்பறை இருக்குமா என்று ஒருவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. குண்டு விழுந்த அன்று பள்ளிக்கூடம் உண்டா என்று ஒருத்தி கேட்டாள். சிரிப்பு நின்றது. வீட்டுக்குப் போன் செய்யும்போது பொய் சொன்னீர்களா என்று இன்னொருவன். நாய்கள் என்ன ஆயின என்று ஒருவன்.

ஸீனா கை தூக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சோஃபியின் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் கேட்டாள். வகுப்பே அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"உன் அப்பா பாஸ்ராவில்தானே இருந்தார்? என் அம்மாவின் தெரு அங்கே எப்படி இருந்தது என்று அவரைக் கேட்டுச் சொல்வாயா? அம்மா சொல்லமாட்டேன் என்கிறார். எனக்குத் தெரிந்தவர்களில் அதைப் பார்த்தவர் அவர் மட்டும்தான்."

சோஃபிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கொட்டகைக்குள் போய்ப் பதுங்கும் ஒரு மனிதரைத் தேடி இந்தக் கேள்வி போகிறது. தடுக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் சோஃபி தலையாட்டிவிட்டாள்.

வகுப்பு முடிந்து எம்மா தாளைக் கொடுத்தாள். 'இரு தரப்பும் சமமாக' என்ற கட்டம் காலியாக இருந்தது. கீழே, முன்னேற்றம் தேவை என்று எழுதியிருந்தாள். என்னைப் பற்றி என் அப்பா இருந்தவரை சொன்னதும், மனைவியும் மகளும் இன்றும் சொல்வதும் அதுதான். எழுத்தில் கிடைத்தது இதுதான் முதல் முறை.

6

வெள்ளிக்கிழமை சோஃபி வரவில்லை. சனி, ஞாயிறு எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. தலைமை ஆசிரியரிடமிருந்து அழைப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். ஊருக்குத் திரும்பிப் போனால் என்ன வேலை பார்க்கலாம் என்றுகூட யோசித்தேன். போர்வெல் தொழிலைப் பற்றி ஓரளவு படித்திருந்தது ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை இருவரும் ஜன்னலோரம் சேர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் முடிந்ததும் சோஃபி என் மேசைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை ஜலதோஷமாம். ஸீனாவிடம் தெருவின் பெயரைக் கேட்டுக்கொண்டு போய் அப்பாவிடம் கேள்வியைச் சொன்னாளாம். அவர் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டாராம். அவ்வளவுதான் என்று அவள் நினைத்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தபோது கையில் அவரே வரைந்த வரைபடத் தாள் ஒன்று இருந்ததாம். ஒரு வாய்க்கால், அதன்மேல் ஒரு பாலம், பாலம் தாண்டி வலப்பக்கம் ரொட்டிக்கடை, அதை ஒட்டிய தெரு. அங்கே மாலையில் ஆண்கள் வாசலில் உட்கார்ந்து ஏதோ பலகையில் விளையாடுவார்கள், ரொட்டி சுடும் வாசனை முகாம் வரைக்கும் வரும், ஒரு வீட்டுக் கதவு மட்டும் நல்ல நீலம் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் கேட்காதே, மற்றதற்கு எனக்கு நேரம் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளை ஸீனா பத்திரமாகத் தன் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

மறுநாள் காலை, முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே ஸீனா வகுப்பு வாசலில் நின்றாள். ஓடி வந்திருந்தாள்.

"சார், அம்மா அதைப் பார்த்தார். எல்லாம் தப்பாம்."

ரொட்டிக்கடை இடப்பக்கமாம். வலப்பக்கம் இருந்தது தையற்கடையாம். நீலக் கதவே அந்தத் தெருவில் கிடையாது, வண்ணம் பூசியிருந்தது இவர்கள் வீட்டுக் கதவு ஒன்றுதான், அதுவும் பச்சை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ப் பென்சில் எடுத்து வந்து திருத்தினாராம். திருத்திக்கொண்டே ரொட்டிக்கடைக்காரர் பெயர், அவருடைய கோபம், கடன் கேட்டு வருபவர்களை அவர் திட்டும் விதம், தையற்கடைக்காரர் மகளோடு சேர்ந்து வாய்க்காலில் விழுந்தது என்று பேசிக்கொண்டே போயிருக்கிறார். சாப்பாடு ஆறிப்போனதாம். ஸீனா இரண்டு முறை தட்டைச் சூடு பண்ணினாளாம்.

"எல்லாமே தப்பு, சார்" என்றாள் மறுபடியும். தப்பு என்று ஒருவர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

திருத்திய தாள் சோஃபி மூலமாகத் திரும்பிப் போனது. புதன்கிழமை பதில் வந்தது. அப்பா பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருவாராம், அங்கிருந்து பார்த்தால் ரொட்டிக்கடை வலப்பக்கம்தானாம். நீலத்தைப் பற்றி விட்டுக்கொடுக்க மாட்டாராம்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு நான் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நல்ல காற்று. எதிரே பள்ளி வாசலில் ஒரு பழைய சிவப்புக் கார். அதன் முன்பக்கத்தில் அந்தத் தாள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கம் டேரன், இன்னொரு பக்கம் சாம்பல் நிற முக்காடு போட்ட அந்த அம்மா. பிள்ளைகள் இருவரும் கொஞ்சம் தள்ளி, தெரியாதது போல நின்றிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா விரலால் ஓரிடத்தைத் தட்டினார். டேரன் தலையை ஆட்டி மறுத்துத் தாளைத் தன் பக்கம் திருப்பினார். அந்த அம்மா அதைப் பிடுங்காத குறையாகத் தன் பக்கம் திருப்பினார். டேரன் மறுபடியும் திருப்பினார்.

என் பஸ் வந்தது, போனது. காற்று பலமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. தாள் பறந்துவிடாமல் ஆளுக்கொரு மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.